சேராமரத்தின் சம்மதம்

தங்கவயலைச் சுற்றி அந்த நாளில் நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. சுரங்கத்து பாய்லருக்கு விறகு வேண்டும், ஷாப்டு என்கிற சுரங்கக் குழிக்குள் பாறை இறங்காமல் முட்டுக் கொடுக்கக் கட்டை வேண்டும் என்று இருந்த மரத்தையெல்லாம் வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிவிட்டார்கள். ஆனால் இரண்டு மரத்தை மட்டும் கோடாலி தொடவில்லை. ஒன்று பேத்தமங்களா போகிற பாதையில் நின்ற தான்றி மரம். அதில் பேய் குடியிருக்கிறது என்று ஊரே நம்பியதால் தப்பித்தது. இன்னொன்று பாறைமேட்டில் நின்ற சேராங்கொட்டை மரம். அதற்குப் பேயின் காவல் தேவைப்படவில்லை. வெட்ட வருகிறவன் மேல் அதன் பால் ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், அடுத்த நாள் அவனைப் பெற்ற தாய்க்கே அவன் முகம் அடையாளம் தெரியாது. விறகுவெட்டிகள் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

அந்த மரத்தால் பிழைக்கிறவர்களும் இருந்தார்கள். மார்கழி தை மாதத்தில் காய் முற்றும். காம்பை ஒட்டி மஞ்சளும் சிவப்புமாக ஒரு சதை, அதன் நுனியில் பளபளவென்று கருப்பாக ஒரு கொட்டை. சதையைக் காயவைத்துத் தின்னலாம், இனிக்கும். கொட்டையைக் கடித்தால் உதடு போச்சு. அந்தக் கொட்டையில் ஊசியைக் குத்தி எடுத்தால் நுனியில் கருப்பாக எண்ணெய் ஒட்டி வரும். துணியின் ஓரத்தில் அதை வைத்து, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது. எது துரையின் சட்டை, எது மேஸ்திரியின் வேட்டி என்று வெளுக்கிறவர்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

ஆண்டர்சன்பேட்டைக்குக் கீழே ஏரிக்கரையில் கல் போட்டு வெளுத்துக்கொண்டிருந்த கோவிந்தனுக்கு அந்த மரம் தொழில் சாமான் மட்டுமில்லை, சொந்தக்காரன். அப்படித்தான் அவர் சொல்வார். தன் வம்சத்தில் ஒருத்தரையும் சேராமரம் தொட்டதில்லையாம். பயந்து போகிறவனைத்தான் அது கடிக்குமாம், இன்னார் மகன் வந்திருக்கிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனால் அது பேசாமல் இருக்குமாம். பெருமை பேசுவதை ஒரு வேலையாக வைத்திருந்தால் அந்த மனுஷன் எப்போதோ மேஸ்திரி ஆகியிருப்பார். கொட்டையைத் தொடுமுன் விரலில் நல்லெண்ணெய் பூசிக்கொள்வதும் அந்த வீட்டு வழக்கம்தான். ஆனால் வீங்காததற்கு எண்ணெயா காரணம் என்று யாராவது கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவருக்கு ஒரே மகள், ரத்தினம்மா. அம்மா இறந்த பிறகு வெள்ளாவி வைப்பதும், பங்களாக்களுக்கு மூட்டை கொண்டுபோவதும், அப்பனோடு மல்லுக்கு நிற்பதும் எல்லாம் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். கையும் அப்படித்தான், அவள் கல்லில் அடிக்கிற அடிக்குச் சட்டைப் பொத்தான் தெறித்து ஏரியில் விழும்.

அவளைப் பெண் கேட்டு வருகிறவனுக்குக் கோவிந்தன் ஒரு சட்டம் வைத்திருந்தார். விடியலில் தனியாகப் பாறைமேட்டுக்குப் போய் ஒரு கூடை சேராங்கொட்டை பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். இரண்டு மூன்று நாள் பார்ப்பார்கள். உடம்பு சுத்தமாக இருந்தால் மரம் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், தடித்துவிட்டால் வந்த வழியே போய்விட வேண்டியதுதான். குப்பத்துப் பக்கமிருந்து வந்த ஒருத்தன் அப்படித்தான் கண் இரண்டும் மூடிப்போய் வண்டியில் படுத்தபடி திரும்பினான். அடுத்து வந்தவன் சட்டத்தைக் கேட்டதுமே செருப்பைத் தேடினான். ரத்தினம்மாவுக்கு இரண்டு தடவையும் சந்தோஷம்தான். முதலாமவனுக்கு எப்போது பார்த்தாலும் மூக்கில் விரல், இரண்டாமவன் அவளிடம் பேசாமல் அவள் கழுதையின் பல்லைப் பிடித்துப் பார்த்தான்.

மூன்றாவதாகக் காத்தவராயன் வந்தான். அங்கேதான் தொல்லை, ஏனென்றால் அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

அவனும் வெளுக்கிற வீட்டுப் பிள்ளைதான், குடியாத்தம் பக்கம். ஆனால் தொழிலை விட்டுச் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கிற வேலைக்கு வந்துவிட்டவன். ஷிப்டு முடிந்து ஏரிக்கரைக்கு வந்து அவனே தன் சட்டையைத் துவைப்பான். அந்தத் துவையலைக் கண்கொண்டு பார்க்க முடியாது. வெளுக்கிற குலத்தில் பிறந்தவன் இப்படியா சட்டையைப் பிசைவான் என்று ரத்தினம்மா ஒரு நாள் அதைப் பிடுங்கி அடித்துக் கொடுத்தாள். அடுத்த நாளும் வந்தான். அவன் வராத நாளில் அவளுக்குப் பாதைமேலேயே கண். தனக்கு வெட்கமில்லையே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டும்போது சிரிப்பும் வந்தது.

அவனுடைய அக்கா பார்வதம்மா வெற்றிலை பாக்கோடு வந்து பெண் கேட்டாள். கோவிந்தன் சட்டத்தைச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. பேச்சு முடிந்த அன்றே சாயங்காலம் காத்தவராயன் ஏரிக்கரையில் ரத்தினம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னான். கேட்டதும் அவள் கையிலிருந்த வேட்டி நழுவித் தண்ணீரில் போனது.

அவனுக்குச் சேராங்கொட்டை ஆகாது. சின்ன வயதில் கழுதை மேய்க்கப் போன இடத்தில் அந்த மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டான். உடம்பெல்லாம் கொப்பளம், பிழைத்ததே பெரிய பாடு. அதற்குப் பிறகு அந்தக் கொட்டையை யாராவது நசுக்கினாலே அவனுக்கு விரல் தடிக்கும். வெளுப்புத் தொழிலை விட்டதே அதனால்தான்.

"கேஜ் கூண்டுல ஷாப்டுக்குள்ள எறங்கசொல்லகூட நான் இப்பிடிப் பயந்ததில்ல ரத்தினம்," என்றான்.

போகாதே, வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்யாணமும் இல்லை. போய் வீங்கினாலும் கல்யாணம் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மரத்தை யார் நட்டார்களோ என்று வாய்விட்டு ஏசிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து யோசித்தாள். எண்ணெய் பூசிக்கொள்ளக் கூடாது என்று நைனா சட்டத்தில் சொல்லவில்லையே. ஒரு குடுவை நல்லெண்ணெயை அவனிடம் கொடுத்து, முழங்கைக்கு மேலே வரைக்கும், முகத்திலும் கழுத்திலும் பூசச் சொன்னாள். கைக்குச் சுற்றப் பழந்துணி கொடுத்தாள். மரத்தை உலுக்காதே, கீழே உதிர்ந்ததை மட்டும் மூங்கில் பிளாச்சால் எடு, அரித்தாலும் முகத்தைத் துடைக்காதே, துணியை அங்கேயே எறிந்துவிட்டு வா என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே கோவிந்தன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். துணிக்குப் போடுகிற சௌக்காரம் வாங்க மாரிக்குப்பம் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சௌக்காரம் விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று ரத்தினம்மா கேட்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் பாறைமேட்டில் இருந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

வெயில் ஏறியபோது காத்தவராயன் கூடையோடு வந்தான். கூடை நிறையக் கொட்டை. எண்ணெய் வழிய நின்ற அவனைப் பார்க்கத் திருவிழாவுக்குத் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்டதற்கு, போனபோது மரத்தடிப் பாறைக்குப் பின்னாலிருந்து புகை வந்துகொண்டிருந்தது என்றான். வெடி வைத்த இடத்தில் புகை அடங்குமுன் காலை வைக்காதே என்பது ஷாப்டில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். அந்தப் பழக்கத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய் உட்கார்ந்து, புகை முழுக்க அடங்கிய பிறகுதான் மரத்தை நெருங்கினானாம். அங்கே யார் நெருப்புப் போட்டது என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவன் கூடையைக் கீழே வைத்தான்.

கோவிந்தன் மத்தியானம் வந்தார். சௌக்காரத்தைக் காணோம். கம்பளியில் புகை நாற்றம் அடித்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் சாயங்காலம் எழுந்து கழுத்தைச் சொறிந்தார். திங்கட்கிழமை கம்பளிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை. குளிர் ஜுரம், கிட்டே வராதே என்றார். ஜுரமென்றால் கஷாயம் குடி என்று ரத்தினம்மா கம்பளியை இழுத்தாள்.

இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் இரண்டும் கோடாகச் சுருங்கி, உதடு தொங்கி, காது தடித்து, உள்ளே இருந்தது யாரென்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். அவர் அந்த வாரம் கொட்டையைத் தொடவேயில்லை. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பாறைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தது நைனாதான். தை மாதக் குளிருக்கு, அரையிருட்டில் கைக்குக் கிடைத்த சுள்ளியைப் பொறுக்கி நெருப்பு மூட்டிச் சுருட்டைப் பற்றவைத்திருக்கிறார். மொட்டைப் பாறையில் வேறு எந்த மரத்துச் சுள்ளி கிடக்கும்? சேராமரத்துச் சுள்ளியை எரித்து அந்தப் புகையிலேயே குளிர் காய்ந்திருக்கிறார். அந்தப் பக்கமே போகாத விறகுவெட்டிகூட இப்படிச் செய்யமாட்டான். தன்னை ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொல்கிறவர் ஒருத்தரால்தான் முடியும்.

செவ்வாய்க்கிழமை பார்வதம்மா தம்பியை அழைத்துக்கொண்டு தீர்ப்புக் கேட்க வந்தாள். காத்தவராயன் கையை நீட்டினான், சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். ஒரு பருகூட இல்லை. ரத்தினம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனந்த அழுகை. சரி, வீட்டுப் பெரியவர் எங்கே, அவர் வாயால் சொல்லட்டும் என்று பார்வதம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாணா இது, பூசணிக்கா கணக்கா கீது மூஞ்சி!"

காற்று பட்டுவிட்டது என்றார் கோவிந்தன். எந்தக் காற்று என்று கேட்டாள் பார்வதம்மா. வெளுக்கிற வீட்டில் பிறந்தவளுக்குச் சேராமரம் கடித்த முகம் தெரியாதா என்ன. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், நிற்கமுடியாமல் துணி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். கோவிந்தனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்பார்த்தது காத்தவராயனின் குரலைத்தான். அன்று புகையில் தான் இருமியதும் அவன் திரும்பிப் பார்த்தது அவருக்குத் தெரியும். அவன் இப்போது சொல்லிவிடுவான், பாறைக்குப் பின்னால் இருமியது இவர்தான் என்று சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாமாவுக்கு முதலில் வைத்தியம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான்.

சேராமரம் கடித்தால் தான்றியிடம் போகவேண்டும். அதுதான் அங்கே வழக்கம். சேரான் செய்த வம்பைத் தான்றிதான் தீர்த்துவைக்கும் என்பார்கள். தான்றிப் பட்டையை அரைத்துப் பூசுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு முன்னால் மரத்தைச் சுற்றிவந்து, கட்டிப்பிடித்து, எப்படி வந்தது இந்த வீக்கம் என்று நடந்ததை நடந்தபடி உரக்கச் சொல்லவேண்டும். ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்தாலும் அரிப்பு அடங்காது. கடிபட்டவன் தனியாகவும் போகக் கூடாது, சேராமரம் ஏற்றுக்கொண்ட ஒருத்தன் கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டும். அந்த வீட்டில் அன்றைக்கு மரம் ஏற்றுக்கொண்ட ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

கண் தெரியாத கோவிந்தனைக் காத்தவராயன் கையைப் பிடித்து நடத்திப் போனான். கல் வந்தால் கல் என்றான், பள்ளம் வந்தால் பள்ளம் என்றான். பின்னாலேயே பெண்கள் இருவரும் போனார்கள். பார்வதம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நடந்தாள், இல்லாவிட்டால் மறுபடி சிரிப்பு வந்துவிடும். எதிரே விறகு வண்டிக்காரர்கள் வந்தார்கள். ஏரிக்கரை கோவிந்தனையா சேராமரம் கடித்தது என்று அவர்கள் வண்டியையே நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி சாயங்கால ஷிப்டு இறங்குவதற்குள் தங்கவயல் முழுக்கப் போய்விட்டது.

தான்றி பெரிய மரம், இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத அடி. கோவிந்தன் அதைச் சுற்றிவந்து, கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். மரத்துக்குக் காது கேட்கவேண்டாமா, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் பார்வதம்மா. கொட்டை பொறுக்கப் போனேன், பட்டுவிட்டது என்று அவர் உரக்கச் சொன்னார். சொன்ன வாய் மூடுமுன் கழுத்தில் அரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது, மரத்தின்மேலேயே உரசிக்கொண்டார். சரி, அவன் ஏமாற்றுகிறானா என்று பார்க்கத்தான் ஒளிந்திருந்தேன், அதுவும் நம் சட்டத்துக்காகத்தான் என்றார். அரிப்பு முதுகுக்கு இறங்கியது. பார்வதம்மா நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று கையை விரித்தாள்.

கோவிந்தன் மூச்சு வாங்கினார். அப்புறம் குரல் மாறியது.

"இவன் என்னப் பாத்தான். நான் இருமுனதக் கேட்டான். கேட்டும் யார் கிட்டயும் சொல்லல. அது எனக்குத் தெரியும். நான் எதுக்குப் போனேன்னா, இவனுக்கு வீங்கணும்னு வேண்டிகினு போனேன். முன்ன வந்தவனுங்களுக்கும் அப்பிடித்தான் வேண்டிகினேன். இவ பூட்டா நான் யார்கூட சண்ட போடுவேன்? கல்லுகூடவா?"

பார்வதம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ரத்தினம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். வந்தவனையெல்லாம் துரத்தியது மரமில்லை, இவர். சம்மதம் சம்மதம் என்று மரத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இத்தனை நாளும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறார். நல்ல சூடாக நாலு வார்த்தை கேட்கத்தான் அவள் கிட்டே போனாள். மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கிழ முகத்தில், கண் இருக்கவேண்டிய கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் வாயில் வந்தது வேறு.

"சேராமரத்தக் கேட்டே. தோ, தான்றிகிட்டயும் சொல்லிட்டே. என்ன ஒரு நாளாவது கேட்டியா நைனா?"

கோவிந்தன் முகத்தை மரத்திலிருந்து எடுத்தார். அவள் நிற்கிற பக்கம் தெரியாமல் காத்தவராயனைப் பார்த்து நின்றார். அவன் அவரைத் தோளைப் பிடித்து மெல்ல மகள் பக்கம் திருப்பிவிட்டான்.

"நான் கல்யாணம் கட்டிக்கினு போறேன்னு தான நீயா நெனச்சிகினே? கட்டிக்கறேன். எங்க போறேன்னு யார் சொன்னது? இவுரு ஷாப்டுல எறங்குனா ஏறி வர்ற வரிக்கும் நான் வூட்ல குந்திகினு சுவத்தப் பாக்கவா? என் கல்லு ஏரில கீது. பக்கத்துக் கல்லு உன்னுது. சண்ட அங்கதான, எங்கியும் போவாது."

கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். வெற்றிலை பாக்கு வந்த அன்றைக்கே, எண்ணெய்க் குடுவையும் இல்லாமல், ஒளிந்து உட்கார்வதும் இல்லாமல் முடிந்திருக்கும். ஒரு வாய் வார்த்தை போதுமாயிருந்தது. அதை யோசித்ததும் ரத்தினம்மாவுக்கு மறுபடி கோபம் வந்தது, கோபத்தின் நடுவிலேயே சிரிப்பும் வந்தது. அவள் அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையும் தடித்துத்தான் இருந்தது.

கோவிந்தன் தொண்டையைக் கனைத்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். வீங்கிய முகத்தோடு எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து, நாலு பேர் கூடிய சபையில் கேட்பதுபோல மகளைக் கேட்டார்.

"ஏம்மா ரத்தினம், இந்தக் காத்தவராயன உனக்குப் புடிச்சிகீதா?"

பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் ஆமாம் என்றாள்.